பணம் கட்டும் முன் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்

கேள்வி: பத்திர எழுத்தர் அலுவலகம் நடத்துகிறேன். பழைய பத்திரங்களையும் புலப்படங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கிறோம். ஒரு சர்வே எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் அடுத்த படம் வந்து நிற்கிறது. எப்படியோ பெரிதாக்கினாலும் பார்த்த இடம் திரையை விட்டு ஓடிவிடுகிறது. 'எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் ஒன்றை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த விளம்பர வாக்கியம் ஒன்றே போதும், விலகிவிடலாம். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். 1920 × 1080 திரையில் இருப்பவையோ சுமார் 20 லட்சம்தான். ஆகவே 100 சதவீதம் வரை, அதாவது ஸ்கேனின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியாகும் வரை, பெரிதாக்கும்போது ஸ்கேனில் உண்மையாக இருப்பது தெரியவருகிறது. அதைத் தாண்டினால், பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. மங்கிய 3 ஒன்று வழவழப்பாகி 8 போலத் தோன்றினால் உங்கள் தொழிலில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வரும் பக்கத்தை 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நான்கு மடங்கு புள்ளிகள் கிடைக்கும்.

சக்கரத் தொல்லைக்குச் செலவே வேண்டாம். விண்டோஸுடன் வரும் ஃபோட்டோஸ் செயலியின் அமைப்புகளில், மவுஸ் சக்கரம் பெரிதாக்க வேண்டுமா, அடுத்த படத்துக்குப் போக வேண்டுமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 1996 முதல் வெளிவரும் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு வழி: சர்வே எண்ணைச் சுற்றி இடது பொத்தானால் ஒரு கட்டம் இழுத்து, கட்டத்துக்குள் சொடுக்கினால் அந்த இடம் மட்டும் திரை நிறைய வரும். பிறகு வலது பொத்தானை அழுத்திப் பிடித்துப் படத்தை நகர்த்தலாம். புலப்படத்தில் ஒரு வரப்பின் கோட்டைத் தொடர்ந்து போவதற்கு இது மிக வசதி.

எதை வாங்குவதானாலும் உங்கள் ஸ்கேன் ஒன்றையே திறந்து சோதியுங்கள். கர்சரை ஓர் இலக்கத்தின் மேல் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றும்போது அந்த இலக்கம் கர்சரின் அடியிலேயே நிற்க வேண்டும். திரையின் நடுப்பகுதியை வைத்துப் பெரிதாக்கும் மென்பொருளில்தான் நீங்கள் சொல்லும் ஓட்டம் வரும். அடுத்த பக்கத்துக்குப் போனாலும் ஜூம் அளவு மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்திரத்தின் இரண்டு படிகளை ஒப்பிடும்போது ஒவ்வொரு முறையும் பெரிதாக்கிக்கொண்டிருந்தால் கை ஓய்ந்துவிடும். இமேஜ்கிளாஸ் என்ற படம் பார்க்கும் மென்பொருளில் ஜூம் அளவைப் பூட்டி வைக்கலாம்.

ஒன்று கவனியுங்கள். இர்ஃபான்வியூ, அதைப் போன்ற இன்னொரு மென்பொருளான ஃபாஸ்ட்ஸ்டோன் இரண்டும் வீட்டு உபயோகம், கல்வி போன்றவற்றுக்குத்தான் இலவசம். உங்களுடையது தொழில் நடக்கும் இடம் என்பதால் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். எத்தனை கணினிகளில் நிறுவப் போகிறீர்கள் என்பதை எண்ணிக்கொண்டு, அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். கட்டணமே வேண்டாம் என்றால் திறமூல மென்பொருளான இமேஜ்கிளாஸை அலுவலகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதில்தான் தொடங்குவேன்.