நாய், பூனை இதயம்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: டாக்டர், எங்க பொமரேனியனுக்கு 11 வயசு, ராத்திரியானா இருமுறான். மர்மர் கிரேடு 4னு சொல்லிட்டாங்க. அட்டாக் வந்துடுமா?

பதில்: நமக்கு வர்ற மாதிரி கொழுப்பு அடைச்சு வர்ற அட்டாக் நாய்ங்களுக்கு ரொம்ப அபூர்வம்ங்க, அதை நினைச்சு பயப்படாதீங்க. சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வால்வுதான் வம்பு. இதயத்துல நாலு அறை, இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்குறது மைட்ரல் வால்வு, வயசாக ஆக அது தடிச்சுப் போயி மழைக்காலத்து மரக்கதவு மாதிரி சரியா மூடாது, அப்ப கீழ இருந்து வெளிய போக வேண்டிய ரத்தத்துல கொஞ்சம் மேலயே திரும்புது, அந்த சத்தம்தான் மர்மர். கிரேடு 1ல இருந்து 6 வரைக்கும் சத்தத்தோட அளவு மட்டும்தான். இதயம் பெருசாயிருக்கான்னு பாக்க எக்ஸ்ரே, எக்கோ (இதயத்தோட ஸ்கேன்) ரெண்டும் எடுங்க. பெருசாயிருந்தா பிமோபெண்டன் மாத்திரை உண்டு. 2016ல வந்த எபிக் ஆய்வுல, அந்த நிலையில இருந்த நாய்ங்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் வர்றதை அது சுமார் 15 மாசம் தள்ளிப்போட்டுச்சு. பெருசாகலைன்னா மாத்திரையே வேணாம், பக்கத்து வீட்டு நாய்க்கு குடுக்குறாங்கன்னு வாங்கிடாதீங்க. இன்னொண்ணு, பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து போயும் இருமல் வரும், எல்லா இருமலும் இதயம் இல்ல.

கேள்வி: வீட்லயே எப்படி கண்டுபிடிக்கிறது மேடம்? ஸ்டெத் வாங்கலாமா?

பதில்: வேணாம், நேரம் பாக்க மொபைல் போதும். நல்லா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குறதை ஒண்ணுன்னு வெச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. நாயோ பூனையோ, 30க்கு கீழ இருக்கணும். கனவு கண்டு காலை உதறும்போதோ, வெயில்ல மூச்சு வாங்கும்போதோ எண்ணாதீங்க. வழக்கமா 18 வர்ற நாய்க்கு ரெண்டு மூணு நாளா ஏறிக்கிட்டே போயி 35ன்னு வந்தா அன்னிக்கே போன் பண்ணுங்க. நான் பேஷன்ட் ஓனர் எல்லார்கிட்டயும் கேக்குற ஒரே ஹோம்வொர்க் இதுதான், பாதி பேர் செய்றதில்ல!

கேள்வி: 4 வயசு ஆண் பூனை, திடீர்னு கத்தி பின்னங்கால் ரெண்டையும் இழுத்துட்டு போகுது. ஏதோ கடிச்சிருக்கும்னு அம்மா சொல்றாங்க.

பதில்: இதைப் படிச்சதும் கிளம்புங்க. போற வழியில காலைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருந்து பாதம் வெளுத்தோ நீலமாவோ இருந்தா ரத்தக்கட்டியாதான் இருக்கும். பூனைங்களுக்கு இதயச் சுவர் தடிக்கிற நோய் சகஜம், ஹெச்.சி.எம்.ம்பாங்க, மெய்ன் கூன், ராக்டால் ஜாதிப் பூனைங்கள்ல ஜீன்லயே வருது, நாட்டுப் பூனைக்கும் வரும். இடது மேல் அறை விரிஞ்சு ரத்தம் தேங்கி கட்டியாகுது, அது கிளம்பி பெரிய தமனி காலுக்குப் பிரியுற இடத்துல சிக்கிக்குது. வலி பயங்கரமா இருக்கும். தேய்க்காதீங்க, சுடுதண்ணி ஒத்தடம் வேணாம், பாராசிட்டமால் குடுக்கவே குடுக்காதீங்க, பூனைக்கு அது விஷம். மறைக்காம சொல்றேன், நிறைய பூனைங்க பிழைக்கிறதில்ல, பிழைச்சதுக்கும் திரும்ப வரலாம், அதுக்குத்தான் ரத்தம் கட்டாம இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை குடுக்குறோம்.

கேள்வி: ஆனா போன மாசம் செக்கப்ல மர்மரே இல்லன்னாங்களே?

பதில்: இந்த நோய் இருந்தும் மர்மர் கேக்காத பூனைங்க உண்டு. எக்கோதான் சொல்லும். செக்கப் பண்ண டாக்டர் மேல கோவப்படாதீங்க.

கேள்வி: நாங்க சைவம் அக்கா. பூனைக்கு பாலும் தயிர்சாதமும்தான், நல்லாத்தான் இருக்கு.

பதில்: இப்போதைக்கு நல்லாருக்கும்மா. டாரின்னு ஒரு சத்து, பூனை உடம்பு அதை போதுமான அளவு தயாரிக்காது, கறி மீன்லதான் கிடைக்கும். குறைஞ்சா இதயத் தசை தளர்ந்து பலூனா விரியும், கண்ணும் போகும். கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல 1987ல இதைக் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் கேட் ஃபுட்ல டாரின் அளவைக் கூட்டினாங்க, அந்த நோயும் வெகுவா குறைஞ்சுது. சமைக்க மனசு வரலைன்னா நல்ல கேட் ஃபுட் வாங்கி வைங்க. நாய் உணவைப் போடாதீங்க, அதுல டாரின் சேர்க்கணும்னு கட்டாயம் இல்ல.

கேள்வி: என் லேப்ரடார் நெஞ்சுல கை வெச்சா துடிப்பு வேகமா, அப்புறம் மெதுவான்னு மாறுது?

பதில்: மூச்சை இழுக்கும்போது வேகம், விடும்போது மெதுவா? நாய்க்கு அது நார்மல். டாபர்மேன்னா மட்டும் வருஷா வருஷம் எக்கோவோட ஹோல்டரும் (24 மணி நேரம் உடம்புல மாட்டி எடுக்குற ஈ.சி.ஜி.) பாத்துடுங்க, அதுங்க எந்த அறிகுறியும் காட்டாம திடீர்னு விழுந்துடும்.

கேள்வி: ஃப்யூரோசமைட் ஆரம்பிச்சதுல இருந்து வீடெல்லாம் ஒண்ணுக்கு. தண்ணியைக் குறைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது, கிட்னி அடிவாங்கிடும். நுரையீரல்ல தேங்குற நீரை அந்த மருந்துதான் வெளிய எடுக்குது, அது போறது நல்லதுக்குத்தான். கிண்ணத்துல எப்பவும் தண்ணி இருக்கட்டும், ராத்திரி ஒரு தடவை கூடுதலா வெளிய கூட்டிட்டு போங்க. நீங்களா டோஸைக் குறைக்காதீங்க.