2012-ல் சன் டிவியில் வந்த 'கையில் ஒரு கோடி' கேள்வி-பதில் விளையாட்டு நிகழ்ச்சி ஏன் நிலைக்கவில்லை? அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் முதல் வேலையாக அந்த ஒரு கோடியை எடுத்துவிட வேண்டும்.

பார்க்காதவர்களுக்கும் மறந்துபோனவர்களுக்கும் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'டீலா நோ டீலா' நடத்திய ரிஷிதான் இதையும் நடத்தினார். ஜோடியாக வருகிறவர்கள் முன்னால் ஒரு கோடியையும் கட்டுக்கட்டாக அடுக்கிவிடுவார்கள். எல்லாமே உங்கள் பணம், கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதை எடுத்துக்கொண்டு போகலாம். கேள்வி வரும், கூடவே விடைகளும் வரும். ஒவ்வொரு விடைக்கும் கீழே ஒரு பொறிக்கதவு. எந்த விடைமேல் எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு கட்டுகளை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். எல்லா விடையிலும் பரப்பிவைத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது, ஒரு கதவையாவது காலியாக விட்டாக வேண்டும். நேரம் முடிந்ததும் தப்பான விடைகளின் கதவு திறக்கும், மேலே இருக்கிற பணம் பொத்தென்று உள்ளே விழும்.

சரக்கு வெளிநாட்டுச் சரக்கு. பிரிட்டனில் சேனல் 4-ல் 2010 மே மாதம் 'தி மில்லியன் பவுண்ட் டிராப்' என்று தொடங்கியது. டேவினா மெக்கால் நடத்தினார். அங்கே அது நேரலை. வீட்டில் இருப்பவர்களும் அதே நேரத்தில் இணையத்தில் அதே கேள்விக்கு விளையாடலாம். இந்த நேரலை சமாச்சாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

காவிரி டெல்டாவில் எங்கள் நீடாமங்கலம் பக்கம் அது ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கரண்டு எங்க இருந்துச்சு பாக்குறதுக்கு?" நியாயமான பதில். 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் யாரும் அந்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டுக் கடைசியில் கரண்டு இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். சாயங்காலம் சீரியல் பாதியில் நிற்கும், மிச்சத்தை மறுநாள் அடுத்த தெரு ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவர்கள் தெருவுக்குக் கரண்டு வருவது வேறு ஃபீடர் லைனில்.

ஆனாலும் இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. நாங்கள் பார்த்தோமா இல்லையா என்பதே அன்றைக்கு யாருக்கும் கணக்கில்லை. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கிற டிஆர்பி பெட்டியெல்லாம் அப்போது நகரங்களில்தான். 2015-ல் 'பார்க்' (BARC) என்ற அளவெடுப்பு அமைப்பு வந்த பிறகுதான் கிராமத்து வீடுகளும் அளவெடுப்பில் சேர்ந்தன. நீடாமங்கலத்தில் கரண்டு போனதால் சென்னையில் ஒரு நிகழ்ச்சி படுத்துவிட்டது என்று சொல்வது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் மரியாதை, அவ்வளவுதான்.

என் கணக்கில் கோளாறு பணம் போகிற திசையில் இருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' தொடங்கினார். அதில் ஆயிரக்கணக்கில் ஆரம்பித்து லட்சம், பத்து லட்சம் என்று ஒருவர் ஏறிக்கொண்டே போவார். நடுவில் அவர் குடும்பக் கதை வரும், அப்பாவின் கடன் வரும், தங்கச்சி கல்யாணம் வரும். இருபத்தைந்தாயிரத்தோடு எழுந்து போனாலும் ஜெயித்தவராகத்தான் போவார். இங்கே அப்படியே தலைகீழ். வந்து உட்காரும்போதே கோடீஸ்வரர், கிளம்பும்போது பத்து லட்சம் கையில் இருக்கிறது. பத்து லட்சம் சின்னப் பணமா? ஆனால் பார்க்கிறவர்கள் வாயில் வருவது "தொண்ணூறு லட்சத்தை விட்டுட்டானே படுபாவி" என்பதுதான். லாபத்தோடு வீட்டுக்குப் போகிறவரை நஷ்டப்பட்டவராகக் காட்டிய நிகழ்ச்சி இது.

அது எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2012-ல் செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்களுக்குக் குறுவை நெல் சாகுபடி இல்லை. போர்செட் இருந்தவர்களுக்கு மும்முனை கரண்டு இல்லை. நகைக்கடன் வட்டி கட்ட வங்கி வாசலில் நின்றுவிட்டு வந்தவர் ராத்திரி டிவியைப் போட்டால், யாரோ ஒருவருடைய இருபது லட்சம் குழியில் விழுகிறது. ரசிக்க முடியவில்லை, வயிற்றைத்தான் பிசைந்தது. உழைக்காமல் வந்த பணம், போனால் என்ன என்று நினைக்கலாம். ஆனால் கட்டாகக் கண்ணால் பார்த்துவிட்ட பணத்தை அப்படி நினைக்க முடிவதில்லை.

பணம் கண்முன்னே விழுகிறது என்றால் கேள்வி அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இதே ஆட்டத்தை 2010 டிசம்பரில் கெவின் போலக்கை வைத்துத் தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே சிக்கல். மேக்கின்டாஷ் கணினி, சோனி வாக்மேன், போஸ்ட்-இட் ஒட்டுக் காகிதம், இதில் எது முதலில் கடைக்கு விற்பனைக்கு வந்தது என்று ஒரு கேள்வி. ஒரு ஜோடி 8 லட்சம் டாலரைப் போஸ்ட்-இட் மேல் வைத்தது. வாக்மேன்தான் சரி என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்கள். வாக்மேன் வந்தது 1979-ல். போஸ்ட்-இட் அமெரிக்கா முழுக்க 1980-ல்தான் வந்தது, ஆனால் வேறு பெயரில் சில ஊர்களில் 1977-லேயே விற்றுப் பார்த்திருந்தார்கள். பார்வையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஜோடியைத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். அதற்குள் நிகழ்ச்சியையே மூடிவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆட்டம் மோசம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் கோலப்போட்டி, உறியடி, மியூசிக்கல் சேர் என்று ஆண்டுக்காண்டு அதையே நடத்தி அலுத்துப்போய், ஒருமுறை இதை வைத்துப் பார்த்தோம். பொறிக்கதவுக்குப் பதில் மூன்று முறம். பத்து நூறு ரூபாய் நோட்டு. தப்பான முறத்தில் இருக்கிற நோட்டு விழாக்கமிட்டிக்கே திரும்பிவிடும். கேள்வி எழுதுகிற வேலை என் தலையில்.

ஒரு மாமியார்–மருமகள் ஜோடி வந்தது. கேள்வி: கல்லணையில் பிரிகிற ஆறு எது? வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி. மாமியார் யோசிக்கவே இல்லை. "வெண்ணாறுதாண்டி. எல்லாத்தையும் அதுலயே வையி." மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. "இல்லத்த, வெட்டாறும் அங்கேருந்துதான்னு படிச்ச ஞாபகம். ரெண்டு நோட்டு அதுலயும் கெடக்கட்டுமே." "நான் பொறந்ததே வெண்ணாத்துக் கரையில. நீ பொஸ்தகத்துல படிச்சியா?" இதைச் சொல்லிவிட்டு அந்தம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பி யாரையோ பார்த்துச் சிரித்த நேரத்தில், மருமகள் இரண்டு நோட்டைச் சத்தமில்லாமல் வெட்டாற்று முறத்தில் போட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்வதுபோல் முறத்தை மறைத்துக்கொண்டு நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் "ஓ..." என்று கத்தினார்கள். மாமியாருக்கு விஷயம் விளங்கவில்லை, தனக்குத்தான் அந்தக் கைதட்டு என்று நினைத்துவிட்டார். வெண்ணாறு என்று அறிவித்ததும் நோட்டை எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். "ரெண்டு எங்கடி?" வெட்டாறு தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிறது என்று நான் மைக்கில் விளக்கம் சொன்னது ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

சன் டிவி நிகழ்ச்சி தவறவிட்டது இதைத்தான். ஆட்டத்தின் உயிர் கேள்வியில் இல்லை, கோடியிலும் இல்லை. ஒரு வீட்டில் இருக்கிற இரண்டு பேர், ஒரே பணம், ஒரு நிமிஷம். யார் பேச்சு எடுபடுகிறது, யார் வாயை மூடிக்கொள்கிறார், யார் "அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிக்கிறார், இதுதான் ஆட்டம். ஆயிரம் ரூபாய்க்கே இவ்வளவு நடக்கும். கோடியை வைத்தால் இதெல்லாம் நடக்காது. ஜோடி உறைந்துபோய் நிற்கும், தொகுப்பாளர்தான் பேசிக்கொண்டிருப்பார், பின்னணி இசை மிச்சத்தை மூழ்கடித்துவிடும்.

பணத்தைக் குறைக்கலாம் என்பது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பிரிட்டனில் மில்லியன் பவுண்டு ஓடி முடிந்த பிறகு, 2018-ல் அதே டேவினாவை வைத்துப் பகல் நேரத்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு நடத்தினார்கள். பத்தில் ஒரு பங்கு. அதே கணக்கில் இங்கே பத்து லட்சம் தாராளம். எப்படியும் பரிசுப் பணத்தில் 30 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

அந்தப் பத்து லட்சத்தையும் வந்தவுடன் கொடுக்கக் கூடாது. முதல் சுற்றில் சின்னச் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஜோடியே அதைச் சேர்க்கட்டும். ஆறு லட்சம் சேர்த்தால் ஆறு லட்சத்தோடு கதவுகளுக்கு முன்னால் வரட்டும். ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இறங்குவதைப் பார்க்கும் தெம்பு இருக்கும். நடுவில் ஓரிடத்தில், எழுந்து போகிறோம் என்று சொல்கிற உரிமையும் வேண்டும். அப்படிச் சொல்வதற்கும் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துவிட்டால் போதும், அதற்குமேல் எந்த மசாலாவும் தேவைப்படாது.

ஜோடி என்றால் புதுமணத் தம்பதியும் சீரியல் நடிகர்களும் மட்டும் இல்லை. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' சூர்யா நடத்திய அதே பழைய கோடீஸ்வரன் ஆட்டம்தான். பெண்கள் மட்டுமே போட்டியாளர்கள் என்ற ஒரே மாற்றத்தில் வேறு நிகழ்ச்சியாகிவிட்டது. காது கேளாத, வாய் பேசாத மதுரைப் பெண் ஒருவர் அதில் கோடியை வென்றதை ஊரே பேசியது. இங்கே அண்ணன் தம்பி வரட்டும், சம்பந்திகள் வரட்டும், நெல் வியாபாரியும் அவரிடம் கணக்கு எழுதுகிறவரும் வரட்டும். பேச்சில் ஊர் வாசனை இருக்கட்டும், அதைத் திருத்த வேண்டாம்.

கேள்வியைப் பொறுத்தவரை நடிகர் நடிகை, பழைய பாட்டு வகையறாவைப் பாதிக்குமேல் போகவிடக் கூடாது. எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த விஷயம்தான் நல்ல கேள்வி. குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்கள் மூன்றில் அதிக நாள் வயலில் நிற்பது எது? சம்பா என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் சம்பாவில் பணத்தை வைப்பதற்கு முன்னால் தாளடியில் கொஞ்சம் போடலாமா என்று ஒரு கை கண்டிப்பாக நீளும். எந்தக் கேள்வியையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்காமல் விடக் கூடாது. போஸ்ட்-இட் கூத்து இங்கே நடந்தால் மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் மானம் போய்விடும்.

கடைசியாக அந்த நேரலை. 2012-ல் எங்கள் பக்கம் அது நடக்காத காரியம், இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது நேரலையாக வைத்து, வீட்டில் இருப்பவர்களும் அதே ஒரு நிமிஷத்தில் போனில் பணத்தைப் பிரித்து வைக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு போன் மட்டும் என்பது விதியாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு போனில் தனித்தனியாக விளையாடினால் சண்டை வராது, சண்டை வராவிட்டால் இரண்டாவது வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள்.