போஸ்டரைப் பார்த்து மார்க் போடாதீர்கள்

கேள்வி: கோவை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாமாண்டுக்கு வடிவமைப்பு எடுக்கிறேன். வகுப்பில் 58 பேர். போஸ்டர் செய்யச் சொன்னால் பாதிப் பேர் பின்டரெஸ்டில் எடுத்ததையோ ஏஐ போட்டுக் கொடுத்ததையோ கொண்டு வருகிறார்கள். கூடிப் பேசலாம் என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. காப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்டுபிடிக்கும் வேலையை முதலில் விடுங்கள். அதற்கென்று விற்கும் மென்பொருளை நம்பி ஒரு பிள்ளை மேல் பழி போட்டுவிடாதீர்கள், கையால் வரைந்ததையும் அது ஏஐ என்று சொல்லிவிடும். தமிழ் எழுத்து உடைந்திருந்தால் ஏஐதான் என்ற கணக்கும் இனி ஓடாது.

கோளாறு நீங்கள் கொடுக்கும் தலைப்பில் இருக்கிறது. 'மரம் வளர்ப்போம்' என்று கொடுத்தால் இணையத்தில் ஆயிரம் கிடக்கிறது, பிள்ளைகள் எடுக்காமல் என்ன செய்வார்கள்? இணையத்தில் இல்லாததைக் கேளுங்கள். காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு பெரியவர் யாரையும் கேட்காமல் தன் பஸ்ஸைக் கண்டுபிடிக்க ஒரு பலகை, தமிழிலும் ஆங்கிலத்திலும். இதற்கு அவர்கள் போய் நின்று பார்க்க வேண்டும், நாலு பேரிடம் பேச வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டதும் சொல் நீண்டு கட்டத்தைத் தாண்டும், மேல் வரியின் 'மு', 'கு' கீழே இறங்கி அடுத்த வரியின் 'கி', 'மீ' மேல் வளைவில் முட்டும், வரி இடைவெளியை அவர்களே உட்கார்ந்து சரிசெய்தாக வேண்டும். அதுதான் பாடம். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியும் இப்படித்தான் செய்தார்கள், 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் ஊர்ச் செம்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கணும், இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா என்று கேள்வியாக அடுக்கிக்கொண்டே போனார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) வந்தது அதை ஒட்டித்தான்.

அப்புறம், முதல் இரண்டு வகுப்பு போன், லேப்டாப் எதுவும் வேண்டாம். ஏ4 தாளை நாலு தடவை மடித்தால் பதினாறு கட்டம் வரும். கட்டத்துக்கு ஒரு யோசனை, பென்சிலில். வகுப்பு முடியும்போது ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு நீங்கள் கையெழுத்திடுங்கள். இன்டர்னல் மார்க்கில் பாதிக்கு மேல் இந்தத் தாள்களுக்குத்தான், கடைசி போஸ்டருக்கு மிச்சம்.

58 பேரை வைத்துக்கொண்டு ஒரே கூட்டமாகப் பேச முடியாது. ஆறாறு பேராகப் பிரித்து வேலையைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். 'நல்லா இருக்கு சார்' என்ற பதிலே கூடாது. பத்தடி தள்ளி நின்றால் முதலில் எது கண்ணில் படுகிறது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதட்டும், வரைந்தவர் அதுவரை பேசக் கூடாது. எல்லாம் தமிழிலேயே நடக்கட்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலத்துக்குப் பயந்துதான் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

இனி நான் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனது. கல்லூரி வாசலில் 'போர்ட்ஃபோலியோ (வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்பு) செய்து தரப்படும்' என்று நோட்டீஸ் ஒட்டும் பிராஜெக்ட் சென்டர்கள் ஒரே ஃபைலைப் பெயர் மாற்றிப் பல பேருக்கு விற்கின்றன. வேலைக்கு எடுப்பவர் நாலு போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் நாலிலும் அதே காபிக்கடை லோகோ. இன்னொரு கூட்டம் துறைத் தலைவரிடம் நேரே வரும்: இரண்டு நாள் பயிற்சி, தலைக்கு இவ்வளவு, எல்லாருக்கும் சான்றிதழ். அதில் சொல்லித்தருவது போட்டோஷாப் மெனு, யூடியூபில் இலவசமாகக் கிடக்கிறது. தெரிந்தும் கல்லூரி கையெழுத்துப் போடுகிறது, கல்லூரிக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) குழுவுக்குக் காட்டும் ஃபைலுக்குப் படம் வேண்டுமே! ஒரு தாளை உட்கார்ந்து திருத்த நேரம் இல்லாத ஆசிரியரிடம் பாடத்தால் மாணவர் என்ன கற்றார் என்று நிரப்பும் பாட விளைவு அட்டவணையை மட்டும் மூன்று பிரதி கேட்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். காலேஜ் முடிந்து ஃபிளெக்ஸ் கடையில் வேலைக்குப் போகும் மாணவர்கள் இருப்பார்கள். அவர்கள் வேலை சுத்தமாக, கடைத்தனமாக இருக்கும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும், கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் இருக்கும். பார்த்ததும் காசு கொடுத்து வாங்கியது என்று தோன்றும். திட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, 'இந்த வரியைக் கொஞ்சம் இறக்கு, பார்ப்போம்' என்று சொல்லுங்கள். வாங்கி வந்தவர் ஃபைலுக்குள் தடவிக்கொண்டிருப்பார், கடையில் நின்றவர் கை தானாகப் போகும். ராத்திரி பத்து மணிவரை நின்று கற்ற கை அது. அந்தப் பிள்ளையைக் குழுவுக்குள் விட்டால் மற்ற ஐந்து பேரும் அச்சுக்கு ஃபைல் தயார் செய்யக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் பதினாறு கட்டத்தை அவரும் போட்டாக வேண்டும், சலுகை வேண்டாம்.

தலைப்பு சிலபஸில் இருக்கிறது, மாற்ற முடியாது என்று துறைத் தலைவர் சொன்னால் சரி, சண்டை வேண்டாம். 'நீரைச் சேமிப்போம்' அப்படியே இருக்கட்டும். அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: நம் விடுதியில் ஒழுகும் குழாய்க்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்தில், ஈரம் பட்டாலும் தாங்கும்படி. அதை யாரும் இணையத்தில் எடுக்க முடியாது.