சாவி உள்ளே, கதவு பூட்டு: வாசகர் கேள்வி-பதில்

திற்பரப்பில் குளிக்கப் போனபோது சாவியை டிக்கியில் போட்டு மூடிவிட்டேன். அங்கிருந்த ஒருவர் கதவுக் கண்ணாடி இடுக்கில் இரும்பு ஸ்கேல் விட்டுத் திறந்து தந்தார். அதிலிருந்து அந்தப் பக்கக் கண்ணாடி இறங்கவில்லை. ஏன்? (குலசேகரம் வாசகர்)

ஸ்கேல் விட்டதால்தான். எத்தனை தடவை எழுதினாலும் இதே கடிதம் திரும்பத் திரும்ப வருகிறது. மாருதி 800, அம்பாசிடர் காலத்தில் கதவுக்குள் ஒரு கம்பி, ஒரு கொக்கி, அவ்வளவுதான். இன்றைய கதவுக்குள் பவர் விண்டோ மோட்டார், கேபிள், சென்டர் லாக் ஒயர், சில வண்டிகளில் ஏர்பேக் சென்சார்கூட உண்டு. பார்க்காமல் துழாவினால் ஏதாவது ஒன்று அறுபடும். கதவின் உள் பேடைக் கழற்றச் சொல்லுங்கள், எது போனது என்று தெரிந்துவிடும்.

அப்படியே கண்ணாடியின் அடியில் ஓடும் பீடிங் ரப்பரையும் விரலால் தடவிப் பாருங்கள். மடங்கியோ கிழிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கிழிசல் வழியாக மண்ணும் தண்ணீரும் இறங்கி, கதவின் அடியில் உள்ள வடிகால் துளையை அடைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே துரு ஏறி முடிந்திருக்கும்.

வேலை தெரிந்தவர் ஸ்கேலைத் தொடமாட்டார். கதவின் மேல் மூலையில் காற்றுப்பையைச் செருகி, கொஞ்சம் இடைவெளி உண்டாக்கி, நீளக் கம்பியால் உள் கைப்பிடியை இழுப்பார். இன்சூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் (வழியில் மாட்டிக்கொண்டால் ஆள் அனுப்பும் வசதி) சேர்த்திருந்தால் அவர்களை அழையுங்கள். ஒரு மணி நேரம் காத்திருப்பது, கதவைப் பிரித்துச் சரிசெய்வதைவிட மலிவு.

ஸ்மார்ட் கீ (துவாரத்தில் விடாமலே வண்டி அடையாளம் கண்டுகொள்ளும் சாவி) உள்ளே இருந்தால் வண்டி பூட்டாது என்றார்கள். எனக்குப் பூட்டிவிட்டது. (நாகர்கோவில் வாசகர்)

எந்த வண்டி, எந்த வருடம்? அதை எழுதாமல் கேட்டால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். சாவி உள்ளே இருப்பது வண்டிக்குத் தெரியவில்லை. சாவியின் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது சாவி எவர்சில்வர் டப்பாவுக்குள்ளோ செல்போனை ஒட்டியோ கிடந்திருக்கும். வருடம் ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும்.

ஸ்பேர் சாவியை டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன். போதுமா? (களியக்காவிளை வாசகர்)

போதாது. இன்றே வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

ஸ்பேர் சாவி துபாயில் கணவரிடம் மாட்டிக்கொண்டது. கடையில் வெட்டிய சாவியில் இன்ஜின் ஓடவில்லை. (தக்கலை வாசகி)

அதில் சிப் இல்லை. சிப்பைப் பார்த்தால்தான் இன்ஜினை ஓடவிடும் இம்மொபிலைசர் என்ற எலக்ட்ரானிக் பூட்டு அதை விடாது. ஆனால் அந்தச் சாவியைத் தூக்கிப் போடாதீர்கள், கதவைத் திறக்க அது போதும். கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் அடுத்த லீவுக்கு வரும்போது அசல் சாவி வீட்டுக்கு வந்தாக வேண்டும். வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு அசல் சாவியையும் கேட்பார்கள்.

சொத்தவிளை பீச்சில் மூன்று வயதுப் பையன் உள்ளிருந்தபடி லாக்கை அழுத்திவிட்டான். வண்டி ஓடவில்லை, சாவியும் உள்ளே. இப்படி நடந்தால் எவ்வளவு நேரம் ஆளுக்குக் காத்திருக்கலாம்? (ராஜாக்கமங்கலம் வாசகர்)

காத்திருக்கவே கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி வரை ஏறும். பிள்ளையின் உடம்பு நம்மைவிட வேகமாகக் கொதிக்கும். ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் பக்கத்து வண்டியில் வீல் ஸ்பேனர் வாங்கி, பிள்ளை இருக்கும் இடத்துக்குத் தூரமான பக்கவாட்டுக் கண்ணாடியை உடைக்கட்டும். நடுவில் அடிக்காதீர்கள், மூலையில் அடியுங்கள், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியில் நேரத்தை வீணாக்க வேண்டாம், அது இரண்டு கண்ணாடியை ஒட்டிச் செய்தது, விரிசல் விடுமே தவிர விழாது. பக்கக் கண்ணாடிக்குச் சில ஆயிரம் ஆகும், ஆகட்டும். பழம்பொரி வாங்க இறங்கினாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

ரிமோட் செத்துவிட்டது, கதவுத் துவாரத்தில் சாவி திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விடலாமா? (குளச்சல் வாசகர்)

வேண்டாம், தூசியை இழுத்துப் பிசினாகிவிடும். கிராஃபைட் பொடி போடுங்கள். ரிமோட்டையே நம்பியிருந்தால் உப்புக் காற்றில் துவாரம் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை சாவியை விட்டுத் திருப்புங்கள். திரும்பவில்லை என்றால் லாக் வேலை தெரிந்தவரிடம் போங்கள். ஸ்கேல் வேண்டாம்.