கீழக்கரைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய திரையரங்கைச் சிமென்ட் பூசிப் புதுப்பிக்கலாமா?

பூசலாம், ஆனால் கடலோரத்தில் அது சுவரைக் காப்பதற்குப் பதிலாகக் கெடுத்துவிடும். இப்பகுதியின் பழைய கொட்டகைகள் பலவற்றில் சுவர் சுண்ணாம்புக் காரையாலும் கூரைச் சட்டம் பனங்கையாலும் ஆனவை. உப்புக் காற்றும் நிலத்தடி ஈரமும் சுவருக்குள் கொண்டுசேர்க்கும் உப்பு, நீர் ஆவியாகும்போது படிகமாகிப் பருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடுவதால் உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து நின்றுவிடும்; ஈரத்தை எளிதில் விடாத சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் அதே உப்பு தேங்கி, சில ஆண்டுகளில் பூச்சைச் செங்கல்லின் முகத்தோடு பெயர்த்தெடுக்கும். ஆகவே ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால் முதலில் அதைக் கொத்தி நீக்கி, நீரில் நனைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, அது காய்ந்ததும் உப்போடு உரித்தெடுத்து, இவ்வாறு பலமுறை செய்த பிறகே சுண்ணாம்பு பூச வேண்டும்.

புரொஜெக்டர் அறையை இடித்துவிடாதீர்கள். என் பார்வையில் கட்டடத்தின் வரலாறே அங்குதான் இருக்கிறது. சுவரில் இரண்டு புரொஜெக்டர்களுக்கான துளைகளும், புரொஜெக்டருக்கு ஒளி தந்த கார்பன் குச்சி எரிந்த புகையை வெளியேற்றிய தகரக் குழாயும் இன்னும் இருக்கக்கூடும். 1000 அடிப் படச்சுருள் சுமார் 11 நிமிடமே ஓடும் என்பதால், ஒன்று முடியும் நொடியில் மற்றொன்றை ஓடவிட இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. (ஒரே கருவி இருந்த டூரிங் கொட்டகைகளில் இடைவேளைகள் கூடுதல், முறுக்கு விற்றவருக்கு அதில் வருத்தமில்லை.)

மீண்டும் படம் திரையிடுவதானால், 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும்.