கழுத்துத் திருகல், கால் திருகல், மூளைக்குள் மின்கம்பி: கேள்வி பதில்

டிஸ்டோனியா என்றால் மூளையின் பிழையான கட்டளையால் தசை தானாக இறுகி, கழுத்தோ கை காலோ திருகிக்கொள்ளும் நோய். அதற்கு ஆழ்மூளைத் தூண்டல், அதாவது மூளைக்குள் கம்பி வைத்துக் கரண்ட் கொடுக்கும் சத்திரசிகிச்சை, செய்வது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் 20 வருடத்துக்கு மேல் நரம்பியல் விடுதியில் தாதியாக வேலை செய்தவள். மருந்து எழுதுவது வைத்தியரின் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோப்பாய் அம்மா: மகனுக்கு 11 வயது. பின்னேரமானால் வலது கால் உள்ளே திரும்பி நுனிக்காலில் நடக்கிறான், காலையில் சரி. கனடாவில் இருக்கும் தம்பி மூளையில் கம்பி வைக்கச் சொல்கிறான்.

பொறுங்கள் அம்மா. "காலையில் சரி" என்று எழுதினீர்களே, அதை நரம்பியல் நிபுணரிடம் முதலில் சொல்லுங்கள். லெவோடோபா மாத்திரைக்கு அடங்கும் ஒரு வகை டிஸ்டோனியா உண்டு. பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் காலில் தொடங்கும், பொழுதுபடக் கூடும், நித்திரை கொண்டு எழும்பினால் குறையும். பார்க்கின்சன்காரருக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். சின்ன அளவே போதும், பிள்ளை ஓடித் திரிவான். அதைக் கொடுத்துப் பார்க்காமல் மண்டையில் துளை போட விடாதீர்கள்.

அப்புறம் வில்சன் நோய், அதாவது உடம்பில் செம்பு தேங்குவது. இரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணிநேரச் சிறுநீரில் செம்பு, கருவிழி ஓரத்தில் வளையம் என்று பார்ப்பார்கள். அதற்கும் மருந்து இருக்கிறது. இவை இரண்டும் இல்லை, மற்ற மாத்திரைகளும் கைகொடுக்கவில்லை, டிவைடி1 மரபணு வகை என்று தெரிந்தது என்றால் சத்திரசிகிச்சை நல்ல வழி. மூட்டு கோணி இறுகிப்போக முன்னம் செய்ய வேண்டும்.

மானிப்பாய் தம்பி: கம்பி எங்கே போகும்? மறுநாளே சுகமா?

மூளையின் ஆழத்தில் இருக்கும் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியின் உட்பக்கத்துக்கு, பெரும்பாலும் இரண்டு பக்கமும். அங்கிருந்து காதின் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே இருக்கும் பற்றரியில் சேரும். பார்க்கின்சன் நடுக்கம் கரண்ட் போட்டவுடன் நிற்பதைக் கண்டவர்கள் இதிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள். வெட்டி இழுக்கும் அசைவு கெதியாகக் குறையலாம். இறுகி நிற்கும் கோணல் மாதக்கணக்கில்தான் நிமிரும். அந்த மாதங்களில் கரண்ட் அளவைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். ஆகவே நீங்கள் திரும்பிப் போய்வரக்கூடிய ஊரில் செய்யுங்கள்.

நெல்லியடி ஆசிரியர்: என் மாணவிக்குக் கழுத்து திரும்பும். நாடியில் (மோவாயில்) ஒரு விரல் வைத்தால் நேராகிறது. நடிப்புத்தானே?

இல்லை சேர். அது டிஸ்டோனியாவின் அடையாளமே.

மீண்டும் அவர்: விரலால் தள்ளினால் யாருக்கும் நேராகுமே?

தள்ளுவதில்லை சேர். எங்கள் விடுதியில் ஒரு அக்கா சீலைத் தலைப்பை நாடியில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டே கதைப்பா. தலைப்பு விலகினால் முகம் இடது தோளுக்குப் போய்விடும். சிலருக்குக் கை நாடிக்கு வர முன்னமே கழுத்து நேராகும். தொடுகைச் செய்தி மூளையின் பிழையான கட்டளையைக் கொஞ்ச நேரம் திருத்துகிறது. அந்த அக்காவையும் வருடக்கணக்காக நடிப்பு என்றார்கள், கயிறு கட்டினார்கள். உங்கள் மாணவியை வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். தலை சாய்க்கச் சுவரோரம் இடம் கொடுங்கள். நிபுணரிடம் கூட்டிப்போகத் தாய் தகப்பனிடம் நீங்களே சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

சாவகச்சேரி அண்ணா: பேனை பிடித்தால் மட்டும் கை முறுக்குகிறது.

இறுகும் தசையை இளக்கும் பொட்டுலினம் ஊசி பற்றிக் கேளுங்கள். கழுத்துக்கும் முதலில் அதுதான், ஏறத்தாழ 3 மாதத்துக்கு ஒருக்கா.

சுன்னாகம் தங்கச்சி: பக்கவாதத்தால் அப்பாவின் கை இறுகிவிட்டது.

அது வேறு விஷயம் அம்மா. இயன்மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் மூன்று பேர்: மறுநாளே சுகமா?

மானிப்பாய்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஊர்காவற்றுறை ஐயா: பற்றரி எவ்வளவு காலம்? சத்திரசிகிச்சை செய்தபின், டிஸ்டோனியாவுக்குக் குடிக்கும் ஆர்ட்டேன் மாத்திரையை நிறுத்தலாமா?

சாதாரணப் பற்றரி சில வருடம்; சார்ஜ் செய்யும் வகை இன்னும் பல வருடம். தீர முன்னமே மாற்றுங்கள், திடீரென்று நின்றால் இழுப்பு மூர்க்கமாகத் திரும்பலாம். ஆர்ட்டேனையும் வைத்தியர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பருத்தித்துறை தங்கச்சி: அம்மாவுக்குக் கருவி இருக்கிறது. தோள் நோவுக்கு டயதேர்மி, அதாவது மின் கருவியால் உள்ளே சூடேற்றும் சிகிச்சை, பிடிக்கலாமா?

கூடவே கூடாது. கருவியை நிறுத்திவைத்தாலும் கூடாது. கம்பி நுனி சூடாகி மூளைத் திசு வெந்துவிடும், உயிருக்கே ஆபத்து. கருவி அட்டையை அம்மாவின் கைப்பையில் வையுங்கள். எந்தக் கிளினிக்குக்குள் போனாலும் முதலில் அதை மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.