கிட்டாரின் கழுத்தும் வாசிப்பவரின் கையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோலாலம்பூரில் ஓர் இசைக்குழுவில் பல ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிட்டார் வாசித்து வருகிறேன். திருமண விருந்துகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் மூன்று மணி நேரம் தொடர்ந்து வாசிப்பது எங்களுக்கு வழக்கம். அண்மையில் பழைய கனத்த கழுத்துள்ள கிட்டாரை ஒதுக்கிவிட்டு, மிக மெல்லிய கழுத்துள்ள புதிய கிட்டார் ஒன்றை வாங்கினேன். விரல்கள் வேகமாக ஓடுகின்றன. ஆனால், ஒரு மணி நேரத்திற்குள் இடது கட்டைவிரலின் அடிச்சதை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. மெல்லிய கழுத்துதான் கைக்கு எளிது என்று எல்லாரும் சொல்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?
— வாசகர், செந்தூல்

பதில்: உங்களுக்கு மட்டும் அல்ல, கனத்த கழுத்திலிருந்து மெல்லிய கழுத்துக்கு மாறிய பலருக்கும் நேர்வதுதான் இது. மெல்லிய கழுத்து, விரல்கள் தொலைவிலுள்ள கம்பியை எட்டுவதற்கு உதவும். ஆனால், எட்டுவது வேறு, பிடித்திருப்பது வேறு. வாசிக்கும்போது நான்கு விரல்கள் முன்புறம் கம்பியை அழுத்த, கட்டைவிரல் பின்புறத்திலிருந்து அதற்கு ஈடுகொடுக்கிறது. நடுவிலுள்ள மரம் மிகவும் மெல்லியதாக இருந்தால் கட்டைவிரல் மற்ற விரல்களை நெருங்கி வந்துவிடுகிறது; அதன் அடியிலுள்ள தசை சுருங்கிய நிலையிலேயே நெடுநேரம் உழைக்க நேர்கிறது. கனத்த கழுத்தில் உள்ளங்கையின் ஓரமும் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியும் பகிர்ந்துகொண்டிருந்த சுமை, மெல்லிய கழுத்தில் கட்டைவிரலின் மீது மட்டும் வந்து விழுகிறது. எஸ்.பி.எம். எனப்படும் மலேசியப் பள்ளியிறுதித் தேர்வை மெல்லிய பேனாவால் எழுதி முடித்த மாணவர்களின் விரல்கள் இறுகிப்போவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

அளவுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஐபனெஸ் நிறுவனத்தின் விசார்ட் 3 வகைக் கழுத்து முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் முன்புறம் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் முதலாவது) 19 மில்லிமீட்டர், 12ஆம் ஃபிரெட்டில் 21 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இன்றைய ஃபெண்டர் கிட்டார்களில் பரவலாகக் காணப்படும் ‘மாடர்ன் சி’ வகை ஏறத்தாழ 21இல் தொடங்கி 23 வரை செல்லும். 1950களின் இறுதியில் கிப்சன் செய்த லெஸ் பால் கிட்டார்களை ஒட்டி இன்று செய்யப்படும் கழுத்துகள் முதல் ஃபிரெட்டிலேயே 23ஐ நெருங்கி, 12ஆம் ஃபிரெட்டில் 25ஐத் தொடுகின்றன. நான்கு மில்லிமீட்டர் என்பது அளவுகோலில் அற்பமாகத் தெரியலாம். மூன்று மணி நேரம் மூடியபடியே இருக்கும் கைக்கு அது அற்பம் அன்று.

ஆனாலும், தடிமனை மட்டும் அளந்து முடிவு செய்யக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கிட்டார் வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கழுத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் வளைவுதான் கையில் உணரப்படுகிறது. சி வடிவம் சீராக உருண்டிருக்கும். டி வடிவத்தின் முதுகு தட்டையாகவும் இரு பக்கத் தோள்கள் நிறைந்தும் இருக்கும். யூ வடிவத்தின் பக்கங்கள் செங்குத்தாக இறங்கும். வி வடிவத்தில் தோள்கள் செதுக்கப்பட்டு, நடுவில் ஒரு முகடு ஓடும். நடுப்பகுதியில் ஒரே தடிமன் கொண்ட இரண்டு கழுத்துகளில், தோள் நிறைந்தது பெரியதாகவும் தோள் செதுக்கப்பட்டது சிறியதாகவும் கையில் தெரியும். ஆகவே, ஒரு காகிதப் பட்டையை முதல் ஃபிரெட்டுக்கு நேரே கழுத்தின் பின்புறமாகச் சுற்றி, ஓரத்திலிருந்து ஓரம் வரை குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கிட்டாரிலும் புதிய கிட்டாரிலும் அப்படிச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் எழுதி வைத்திருக்கும் தடிமன் எண்ணைவிட இந்தச் சுற்றளவு உங்கள் கைக்கு நெருங்கிய உண்மையைச் சொல்லும்.

இந்த வடிவங்கள் எல்லாம் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. 1950களின் தொடக்கத்தில் ஃபெண்டர் செய்த கழுத்துகள் தடித்தவை. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் வி வடிவம் வந்தது. பிறகு மெலிந்த சி வடிவம் நிலைபெற்றது. கிப்சன் 1960இல் லெஸ் பால் கழுத்தைக் கண்கூடாக மெலித்தது. 1980களில் வேக வாசிப்பு பரவியபோது தட்டையான மெல்லிய கழுத்துக்கு மதிப்புக் கூடியது. ஐபனெஸ் தன் ஆர்ஜி வரிசையை 1987இல் வெளியிட்டதும் அந்த அலையில்தான். ஆனால் அடுத்த ஆண்டே, 1988இல், கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் மென்மையான வி வடிவக் கழுத்துடன் வந்தது. 1991இல் இன்னொரு கிட்டார் கலைஞரான ஜெஃப் பெக் பெயரில் வந்த கிட்டாரின் கழுத்தோ மிகவும் கனமானது. தேர்ந்த கைகள் எல்லாம் மெல்லிய கழுத்தையே நாடுகின்றன என்ற எண்ணத்திற்கு இவை போதுமான மறுப்பு.

இனி உங்கள் கட்டைவிரலுக்கு வருவோம். கட்டைவிரலைக் கழுத்தின் முதுகின் நடுவே ஊன்றி, மணிக்கட்டை முன்னே தள்ளி வாசிப்பது ஒரு முறை. தட்டையான மெல்லிய கழுத்து அதற்கென்றே அமைந்தது. கட்டைவிரலை மேல் ஓரத்தின் மீது மடித்து, கழுத்தை உள்ளங்கையில் தாங்கி வாசிப்பது இன்னொரு முறை. உருண்ட சி வடிவமும் வி வடிவமும் அதற்கு ஏற்றவை. பல ஆண்டுகள் கனத்த கழுத்தில் வாசித்த நீங்கள் இரண்டாவது முறையில் பழகியவராக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அதே பிடியை மெல்லிய கழுத்தின் மீது கொண்டுவந்தால் உள்ளங்கையில் வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை தன்னையறியாமல் இறுக்கும். பிடித்துக்கொள்வது அந்த இறுக்கமே.

எனவே கிட்டாரை இப்போதே விற்க வேண்டாம். முதலில் தோள்வாரைச் சற்று உயர்த்துங்கள். கிட்டார் தாழ்ந்து தொங்கினால் மணிக்கட்டு கூடுதலாக வளைய வேண்டியிருக்கும். அடுத்து ஆக்‌ஷனைப் பாருங்கள்: 12ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் மெல்லிய கம்பிக்கு 1.6 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். நட்டில் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) உள்ள பள்ளங்கள் ஆழமின்றி இருந்தால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் தேவையற்ற அழுத்தம் கேட்கும். கழுத்தைக் குறைகூறுவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பிறகு இரண்டு மூன்று வாரங்கள், கம்பி சுத்தமாக ஒலிப்பதற்குத் தேவையான குறைந்த அழுத்தம் எவ்வளவு என்பதைத் தேடித் தேடி மெதுவாக வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சதை பிடித்தால் அந்தக் கழுத்து உங்கள் கைக்கு உரியதன்று. கழுத்து திருகாணிகளால் பொருத்தப்பட்ட வகையாக இருந்தால் வேறு கழுத்து வாங்கிப் பொருத்தலாம். ஒட்டப்பட்ட வகையில் அது எளிதன்று. வலி ஓய்வெடுத்தும் தீராவிட்டாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, கிட்டாரை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதைக் கழுத்தின் வடிவத்தைக் கொண்டு தீர்க்க முயல வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, கை சிறியது. எலக்ட்ரிக் கிட்டார் கற்க ஆசைப்படுகிறாள். சிறிய கைக்கு மெல்லிய கழுத்துள்ள கிட்டார் போதும் என்று கடையில் சொன்னார்கள். அதையே வாங்கலாமா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, சிறிய கைக்குத் தடிமனைவிட நீளமே பெரிய தடை. நட்டிலிருந்து, கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் 648 மில்லிமீட்டர். கிப்சன் லெஸ் பாலில் ஏறத்தாழ 628. ஃபெண்டர் மஸ்டாங் போன்ற குறுகிய கிட்டார்களில் 610. நட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை ஸ்ட்ராடோகாஸ்டரில் ஏறத்தாழ 134 மில்லிமீட்டர், 610 அளவுள்ளதில் 126. சிறு விரல்கள் விரிய வேண்டிய தூரத்தில் 8 மில்லிமீட்டர் குறைகிறது. அதோடு, ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது குறுகிய கிட்டாரில் இழுவிசை 11 விழுக்காடு அளவுக்குக் குறைவதால் விரல் நுனி வலியும் குறையும்.

அடுத்ததாக நட்டின் அகலத்தைக் கேளுங்கள். 42 முதல் 43 மில்லிமீட்டர் வரை எலக்ட்ரிக் கிட்டாருக்கு வழக்கமானது. 52 மில்லிமீட்டர் அகலமுள்ள கிளாசிக்கல் கிட்டாரில் தொடங்கும் சிறுவர்கள் திணறுவதில் வியப்பில்லை. தடிமனில் நடுத்தரமான சி வடிவம் போதும். மகளை அழைத்துச் சென்று, நாற்காலியில் அமர்த்தி, மடியில் கிட்டாரை வைத்து எஃப் கார்டை (பல கம்பிகளை ஒருசேர அழுத்தி இசைக்கும் ஒரு ஸ்வரக்கூட்டு) பிடிக்கச் சொல்லுங்கள். தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பதில்லை. மணிக்கட்டு கூர்மையாக மடிகிறதா, தோள் காதுவரை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். விற்பனையாளரின் சொல்லைவிட அந்தத் தோளை நம்புங்கள். கம்பிகளில் 9 என்று (மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.009 அங்குலம்) தொடங்கும் மெல்லிய தொகுதியைப் பொருத்தித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: வாய்ப்பாட்டுக் கற்ற நான் எலக்ட்ரிக் கிட்டாரில் கீர்த்தனைகளை வாசித்துப் பழகுகிறேன். தோடியில் காந்தாரத்தை அசைக்கும்போது கம்பி நழுவுகிறது. சில இடங்களில் ஒலியே அடைத்துவிடுகிறது. கமகத்திற்கு ஏற்ற கழுத்து என்று ஒன்று உண்டா?
— மாணவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்கள் கேள்வியைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். கமகத்திற்கு இரண்டு பக்கங்களையும் பார்க்க வேண்டும்: முன்பக்கத்தின் வளைவு, பின்பக்கத்தின் நிறைவு.

ஃபிரெட்டுகள் பதித்த பலகையான ஃபிரெட்போர்டின் மேற்பரப்பு உருளையின் ஒரு பகுதிபோல் வளைந்திருக்கும். பழைய ஃபெண்டர்களில் அந்த உருளையின் ஆரம் 184 மில்லிமீட்டர்; இன்றைய பல ஃபெண்டர்களில் 241; கிப்சனில் ஏறத்தாழ 305; ஐபனெஸ் ஆர்ஜி வகைகளில் 400 அளவு. ஆரம் சிறியதாக இருந்தால் கார்டுகளைப் பிடிப்பது இதமாக இருக்கும். ஆனால், கம்பியைப் பக்கவாட்டில் நெடுந்தூரம் இழுக்கும்போது அது வளைவின் உச்சியைக் கடக்க நேர்ந்து, மேலுள்ள ஃபிரெட்டில் உரசி ஒலி அடைத்துவிடும். உங்களுக்கு நேர்வது அதுவாகவே இருக்கக்கூடும். ஆக்‌ஷனைச் சற்று உயர்த்தினால் ஓரளவு தீரும். புதிதாக வாங்குவதானால் 305 அல்லது அதற்கு மேற்பட்ட ஆரத்தைத் தேடுங்கள். நழுவுவதற்கு வேறு காரணம்: ஃபிரெட்டுகள் தாழ்வாக இருந்தால் விரல் நுனி மரத்தில் உராய்ந்து, கம்பியைக் கவ்விப் பிடிக்க முடியாது. வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால்தான் கம்பியை அவ்வளவு தாராளமாக இழுக்க முடிகிறது. இந்திய இசையையும் ஜாஸ் இசையையும் இணைத்த சக்தி குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின் வாசித்த கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குடைந்தெடுக்கப்பட்டிருந்தது; விரல் மரத்தைத் தொடாமல் கம்பியை மட்டும் பிடிக்கும். ஆனால், குடைந்த பலகையில் சற்று அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும் என்பதால் தொடக்கத்திலேயே அதை நாட வேண்டாம். உயரமான ஃபிரெட்டுகள் போதும். ஆர். பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையை வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இழுப்பையும் சறுக்கலையும் எந்தெந்த ஸ்வரத்தில் கையாள்கிறார் என்று கவனித்துக் கேட்பது எந்தக் கழுத்தைவிடவும் உங்களுக்குப் பயன்படும்.

பின்பக்கத்தைப் பொறுத்தவரை செந்தூல் வாசகருக்குச் சொன்னது உங்களுக்கு இன்னும் பொருந்தும். கம்பியை இழுக்கும் விசை விரலிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி கழுத்தின் கீழ் ஓரத்தில் ஊன்றி நிற்க, மணிக்கட்டு சுழன்று இழுக்கிறது. ஊன்றுவதற்கு நிறைவான மரம் வேண்டும். என் கருத்தில், கமகம் வாசிப்பவர் மிக மெல்லிய கழுத்தைத் தவிர்ப்பதே நலம். 21 முதல் 23 வரையிலான, தோள் உருண்ட சி வடிவம் உங்களுக்குத் துணைநிற்கும்.

கேள்வி: கழுத்தின் பின்புறம் பளபளப்பான பூச்சு உள்ள கிட்டார் என்னுடையது. குளிரூட்டிய அறையில் நன்றாகவே இருக்கிறது. திறந்தவெளி மேடையில் கை ஒட்டிக்கொள்கிறது. கழுத்தையே இழைத்து மெலித்துவிடலாம் என்கிறார் நண்பர்.
— வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: இழைக்கவே வேண்டாம். கழுத்துக்குள், அதன் வளைவைச் சரிசெய்ய உதவும் டிரஸ் ராட் எனப்படும் எஃகுத் தண்டு செல்கிறது. சில கிட்டார்களில் அது வளைவாகப் பதிக்கப்பட்டு நடுப்பகுதியில் முதுகுக்கு மிக அருகில் இருக்கும். மரத்தை எடுத்தால் கழுத்தின் உறுதியும் குறையும்.

உங்கள் சிக்கல் பூச்சில்தான். பினாங்கின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகத் தாமதமாவதால் பளபளப்பான பரப்பில் தோல் ஒட்டுகிறது. மிக நுண்ணிய மணல்தாளால் பின்புறத்தை மட்டும் மென்மையாகத் தேய்த்தால் பளபளப்பு மங்கி, கை வழுக்கிச் செல்லும். பூச்சு முழுவதும் போகும்வரை தேய்க்கக் கூடாது, மரம் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். எஃகுப் பஞ்சைப் பயன்படுத்தினால் அதன் துகள்கள், கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பிக்கப் காந்தங்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே அவற்றை மூடிவிடுங்கள். குளிரூட்டிய அறைக்கும் வெளிக்காற்றுக்கும் மாறி மாறிச் செல்லும் கிட்டாரின் கழுத்து சற்றே வளையக்கூடும். மேடை ஏறுவதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பே பெட்டியைத் திறந்து வைத்து, பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.